லைல் கார் கொடுத்த கதை

1

இந்தக் கதையை நான் ஏற்கெனவே ஒரு முறை எழுதிவிட்டேன். நூற்று நாற்பது சொற்களில், புகைப்படத்தோடு, கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

அமெரிக்காவில், அலன்டவுன் என்ற ஊரின் மேற்கு ஓரத்தில், மரச்சாமான் கடை ஒன்றின் மாடியில், ஒரு தொண்டு நிறுவனம் இருக்கிறது. அதன் பெயர் 'கருணைச் சக்கரம்' என்று வைத்துக்கொள்வோம். (உண்மைப் பெயர் இதைவிட மோசம்.) ஓடுகிற கார், ஓடாத கார், ஓடுவதாக அதன் சொந்தக்காரர் மட்டும் நம்புகிற கார் எல்லாவற்றையும் ஜனங்கள் அங்கே தானமாகக் கொடுப்பார்கள். ஓய்வுபெற்றபின் வீட்டில் உட்கார்ந்து மனைவியின் சமையலுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்த என்னை, அந்த மனைவியேதான் அங்கே சம்பளமில்லாத வேலைக்குச் சேர்த்துவிட்டாள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரும் செய்திமடலில் 'நன்றிக் கதை' எழுதுவது என் பொறுப்பு. கொடுத்தவர் ஒருவர், வாங்கியவர் ஒருவர், நடுவில் கண்ணீர். வாய்பாடு அவ்வளவுதான்.

கார் கொடுத்த லைலும் வாங்கிய மிக்தாலியாவும் அதில் வந்தார்கள். தலைப்பு, 'ஒரு சாவி, இரண்டு இதயங்கள்'. அதில் மிக்தாலியா அழுதாள். லைல் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார். சூரியன் வேறு மேகத்தை விலக்கிக்கொண்டு வந்தது.

அன்று காலை முழுக்கத் தூறல். மிக்தாலியா அழவில்லை. லைல் தட்டிக்கொடுக்கக் கையை நீட்டியது மட்டும் உண்மை. கை அவள் தோளுக்கு ஒரு சாண் தள்ளிக் காற்றில் இறங்கியது. அது ஏன் என்று எனக்கு நான்கு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

இப்போது நடந்ததை நடந்தபடி எழுதப் பார்க்கிறேன். தமிழில் எழுதுகிறேன், ஏனென்றால் என் மனைவியைத் தவிர கதையில் வரும் யாருக்கும் தமிழ் தெரியாது. என் தைரியத்தின் நீள அகலம் அவ்வளவுதான்.

2

தொடக்கம் வாய்க்கவில்லை. குப்பையில் போட்டவற்றைக் காட்டுகிறேன்.

"பென்சில்வேனியாவின் பனி போர்த்திய மலைச்சரிவில்—" சரிவில் இருப்பது சிமெண்டு ஆலையும் சரக்குக் கிடங்கும். அடித்துவிட்டேன்.

"கொடுப்பது என்றால் என்ன?" பள்ளி ஆண்டு விழா மாதிரி இருக்கிறது. அடித்துவிட்டேன்.

"லைல் ஃபென்ஸ்டர்மாக்கரின் கார் ஒரு—" இந்த இடத்தில் எல்லோரும் கப்பல் என்றுதான் எழுதுவார்கள். நானும் எழுதினேன். அடித்துவிட்டேன்.

சமையலறையில் ஆரம்பிக்கிறேன். அவர்கள் வீட்டில் எல்லாமே அங்கேதான் ஆரம்பிக்கும்.

ஏப்ரல் மாதம். லைலின் மனைவி ஆர்லீன், ஸ்க்ராப்பிள் என்று அந்த ஊரில் சொல்லும் பன்றியிறைச்சித் துண்டுகளை வாணலியில் புரட்டிக்கொண்டிருந்தாள். எழுபத்து நான்கு வயது. மாதா கோயில் பாடகர் குழுவில் இன்னும் உரத்த குரல் அவளுடையதுதான். லைலுக்கு எழுபத்தாறு. உயர்நிலைப் பள்ளியில் முப்பத்தொரு வருடம் பிள்ளைகளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். இந்த ஊரில் பாதிப் பேர் பின்னால் வண்டி எடுக்கக் கற்றது அவருடைய அதட்டலில்தான். மீதிப் பாதிக்கு இன்னும் பின்னால் எடுக்கத் தெரியாது என்பது அவர் கட்சி.

(ஒரு சிக்கல். ஆர்லீன் புருஷனை 'நீ' என்பாளா, 'நீங்க' என்பாளா? அவர்கள் பேச்சில் இரண்டுக்கும் ஒரே சொல். நாம்தான் முடிவு செய்ய வேண்டும். ஐம்பத்திரண்டு வருடம் அந்த மனிதரோடு குடித்தனம் நடத்தியவள். 'நீ' என்றே சொல்லட்டும்; அந்த உரிமையைச் சம்பாதித்துவிட்டாள்.)

"லைல், கராஜை உன் கார் அடைச்சுக்கிட்டு, இன்னொரு வருஷம் என் கார் பனியில நிக்காது. உன் காரா, நானா? முடிவு பண்ணிச் சொல்லு."

"உனக்கு எத்தனை மைல் ஆயிருக்குன்னு சொல்லு. யோசிக்கிறேன்."

கராஜில் நிற்பது 1996ஆம் வருடத்துப் பெரிய செடான். கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை. அவர்களிடம் இன்னும் வக்கீல்கள் இருக்கிறார்கள். பதினெட்டு அடி நீளம். முன்பக்கமும் பெஞ்சு மாதிரி ஒரே இருக்கை, ஆறு பேர் தாராளமாக உட்காரலாம். சிமெண்டுக்கும் மோருக்கும் நடுவில் ஒரு நிறம். விளம்பரத்தில் அதற்கு ஷாம்பெய்ன் என்று பெயர். இருபது வருடத்தில் ஒரு கீறல் கிடையாது.

பழைய கார் வியாபாரி ஒருவன் வந்து சுற்றிப் பார்த்து, "முந்நூறு டாலர் தரேன். அதுவும் டயர் நல்லாருக்கிறதால," என்றான். லைல் அவனைத் தெருக்கோடி வரை வழியனுப்பினார், வார்த்தைகளால். காயலான் கடைக்காரர் எடைக்குக் கேட்டார். எடைக்கு! அன்றிரவு சாப்பாட்டின்போது லைல் அறிவித்தார்.

"விக்கிறதா இல்ல. தானம் பண்ணப்போறேன்."

ஆர்லீன் கரண்டியைக் கீழே வைத்தாள். ஐம்பத்திரண்டு வருடத்தில் லைல் யாருக்கும் குடையைக்கூட இரவல் கொடுத்ததில்லை.

(இங்கே நான் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் வைத்திருக்கிறேன். பிறகு சொல்வேன். அதுவரை உங்களுக்கு லைலைப் பிடிக்காமல் இருக்க வேண்டும். எனக்கும் அப்படித்தான் இருந்தது.)

3

கருணைச் சக்கரத்தின் மேலாளர் பிரெண்டா ஷூப். யார் பேசினாலும் தலையைச் சாய்த்துக் கேட்பாள். தலை எவ்வளவு சாய்கிறதோ அவ்வளவு கவனிக்கவில்லை என்று அர்த்தம். லைல் அவள் மேஜைமீது மூன்று பக்க நிபந்தனைகளை வைத்தார். ஆர்லீன் தட்டச்சு செய்தது.

"மூவாயிரம் மைலுக்கு ஒரு தடவை ஆயில் மாத்தணும். உள்ள யாரும் புகை பிடிக்கக்கூடாது. எதுவும் சாப்பிடக்கூடாது. கிறிஸ்துமஸுக்கு ஒரு போட்டோ அனுப்பணும்."

"ஐயோ, அழகான யோசனை! அந்தக் குடும்பத்தோட போட்டோவா?"

"காரோட போட்டோ."

பிரெண்டாவின் தலை நிமிர்ந்தது. "மிஸ்டர் ஃபென்ஸ்டர்மாக்கர், பெரும்பாலும் வர்ற காரையெல்லாம் நாங்க ஏலத்துக்கு அனுப்பிடுவோம். வர்ற பணம் நல்ல காரியத்துக்குப் போகும். உங்களுக்கு எந்தச் சிரமமும் இல்ல, லாரி வீட்டுக்கே வந்து ஏத்திட்டுப் போயிடும்."

"என் காரை லாரியில ஏத்துவீங்களா?"

"உங்களுக்குச் செலவே கிடையாது."

"அது ஓடும்மா. ஓடுற காரை எதுக்கு லாரியில ஏத்தணும்? நடக்கிற மனுஷனை ஆம்புலன்ஸ்ல ஏத்துவியா?"

"ஏத்தலாம்," என்றாள் ஆர்லீன். "நான் காலைப் பிடிச்சுக்கிறேன்."

மூலையில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்த நான் இருமினேன். லைல் என் பக்கம் திரும்பினார். என் காதைப் பார்த்து முறைத்தார்.

வருடத்துக்கு நாலைந்து கார்களை மட்டும் வேலைக்குப் போக வண்டியில்லாதவர்களுக்கு நேராகக் கொடுப்பது உண்டு. அந்தப் பட்டியலில் சேர்க்கிறேன் என்று பிரெண்டா இறங்கி வந்தாள். மெக்கானிக் பார்த்து, பிரேக்கை மட்டும் மாற்றச் சொன்னான். லைல் தன் செலவிலேயே மாற்றினார். "கஷ்டப்படுற ஒரு நல்ல அம்மாவுக்குப் போகணும்," என்றார். "நல்ல" என்பதில் ஒரு அழுத்தம். அந்த அம்மா இரவெல்லாம் தன்னை வாழ்த்திக்கொண்டே இருப்பாள் என்று அவர் மனதில் ஒரு படம் ஓடியிருக்க வேண்டும். குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அந்தப் படத்துக்கு வசனம் எழுதித் தரும் ஆள் நான்தான்.

4

இந்த இடத்தில் எனக்கு மிக்தாலியாமேல் சந்தேகம் வருகிறது.

முதல் வரைவில் அவளுக்குக் கண்கள் "ஈரமாக" இருந்தன. குரல் "தழுதழுத்தது". இரண்டு பிள்ளைகள் "சேலையை" — சேலையா? இவ்வளவு வருடம் இங்கே இருந்தும் என் பேனா ஏழைத் தாய் என்றதும் சேலை கட்டிவிடுகிறது. அடித்துவிட்டேன்.

நிஜமான மிக்தாலியா ரொசாடோவுக்கு நாற்பத்து மூன்று வயது. போர்ட்டோ ரிக்கோவில் பிறந்து, பத்து வயதில் இந்த ஊருக்கு வந்தவள். நடக்க முடியாத, நினைவு தப்பிய, தனியாக இருக்கும் முதியவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்துக்கொள்வது வேலை. பச்சை நிறச் சீருடை, இடுப்பில் இரண்டு போன். ஒரு நாளைக்கு மூன்று வீடு, ஊரின் மூன்று மூலையில். நவம்பரில் அவளுடைய பழைய கார் நடுரோட்டில் உயிரை விட்டது. அதிலிருந்து ஏழு மாதம் பஸ். பஸ் தாமதமானால் முதல் வீட்டு மிஸஸ் கெம்மரர் ஈரத் துணியோடு உட்கார்ந்திருப்பாள். இன்னும் ஒரு முறை தாமதமானால் வேலை இல்லை என்று ஏஜென்சி சொல்லியாகிவிட்டது.

ஜூன் மாதம், தேவாலயத்து வாகன நிறுத்தத்தில் கொடுக்கும் விழா. தூறல். காரின் மூக்கில் லாரி டயர் அளவுக்குச் சிவப்பு ரிப்பன். ஒரு பெட்டி டோனட், அதன் அட்டை நனைந்து தொய்ந்திருந்தது. லைல் பேசினார். இருபத்திரண்டு நிமிடம். வளைவில் எப்படித் திருப்புவது, இரண்டு காருக்கு நடுவே எப்படி நிறுத்துவது, ஷாம்பெய்ன் நிறத்துக்கு எந்த மெழுகு.

மிக்தாலியா என் பக்கம் சாய்ந்தாள். "இவரு கார் குடுக்கிறாரா, பொண்ணு குடுக்கிறாரா?"

பிறகு சத்தமாகக் கேட்டாள். "சார், பெட்ரோல் எவ்வளவு குடிக்கும்?"

லைல் முகம் சுண்டியது. "பெட்ரோலைப் பத்திக் கவலைப்படுறவங்களுக்கு இந்தக் கார் சரிப்படாதும்மா."

"கவலைப்படாதவங்க ஏன் சார் ஏழு மாசம் வரிசையில நிக்கப்போறாங்க?"

பிரெண்டா கைதட்டினாள். வேறு யாரும் தட்டாததால் நானும் தட்டினேன்.

சாவி கை மாறியது. அப்போதுதான் லைலின் கை காற்றில் இறங்கியது. "முகத்தைப் பாத்துகூடப் பேச மாட்டேங்கிறாரு, பாத்தீங்களா?" என்றாள் மிக்தாலியா என்னிடம். பார்த்தேன். அவள் நெற்றிக்கு அப்பால் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். திமிர் என்று குறித்துக்கொண்டேன். செய்திமடலில் அதைத் "தொலைநோக்கு" என்று மாற்றினேன்.

5

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். செய்திமடலில் முடிந்துவிட்டது.

ஜூலையிலிருந்து ஒவ்வொரு வியாழக்கிழமையும் மாலை நாலு மணிக்கு ஆர்லீன் தன் சின்னக் காரை எடுப்பாள், லைல் பக்கத்தில் உட்காருவார், இருவரும் மிக்தாலியாவின் தெருவுக்குப் போவார்கள். 'காற்று வாங்க' என்று பெயர். அந்தத் தெருவில் வீடுகள் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு நிற்கும். காற்றுக்கு அங்கே இடமே இல்லை. லைலின் கார் இரண்டு காருக்கான இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும்.

"நிக்குதா?"

"நிக்குது, லைல்."

"கழுவியிருக்காளா?"

"பளபளன்னு இருக்கு." (கழுவி மூன்று வாரம் ஆகியிருந்தது. ஆர்லீனே பிறகு என்னிடம் சொன்னாள்.)

"உள்ள என்ன தொங்குது?"

"ஜெபமாலை. அப்புறம் ஒரு குட்டிக் கொடி."

லைல் இறங்கிப் போய் டயர்களைக் கையால் அழுத்திப் பார்ப்பார். பானெட்டைத் தடவிப் பார்ப்பார். பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து வைப்பரில் சொருகிவிட்டு வருவார். 'முன் இடது டயரில் காற்று குறைவு.' 'ஜன்னலை முழுதாக ஏற்றவும்.' 'கண்ணாடியில் எதையும் தொங்கவிட வேண்டாம்.' எழுத்து ஒவ்வொன்றும் எலுமிச்சம்பழம் அளவு. கீழே கையெழுத்து, ஏதோ அரசாணை மாதிரி.

மிக்தாலியா முதல் சீட்டைக் கிழித்துப் போட்டாள். இரண்டாவதைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் காட்டிச் சிரித்தாள். ஐந்தாவதிலிருந்து சேர்த்து வைக்க ஆரம்பித்தாள்.

ஆகஸ்டில் நிலைமை மாறியது. அவளோடு வேலை பார்க்கும் ஐந்து பெண்கள், எல்லோரும் பஸ்ஸுக்குக் காத்து நின்று கால் கடுத்தவர்கள், அந்தக் காரில் ஏறிக்கொண்டார்கள். முன்னால் மூன்று, பின்னால் மூன்று. மிக்தாலியா வரிசையாக இறக்கிவிட்டுக்கொண்டே போவாள். பெட்ரோலுக்கு ஆளுக்குக் கொஞ்சம் போட்டார்கள். காருக்குத் திமிங்கலம் என்று பெயர் வைத்தார்கள். அந்த ஊரில் அந்த வருடம் பதினைந்து இருபது முதியவர்கள் நேரத்துக்குக் குளித்தார்கள் என்றால் அதற்கு முன்பக்கம் பெஞ்சு இருக்கை வைத்த எஞ்சினியர்தான் காரணம்.

இதை லைல் எப்படிப் பார்த்தார் என்பதைக் கேளுங்கள்.

"எத்தனை பேர் உள்ள?"

"அஞ்சு... ஆறு."

"ஆறா? சாப்பிடறாங்களா?"

ஆர்லீன் பார்த்தாள். ஆறு பேர் கையிலும் எம்பனாதா, நம் சோமாசி மாதிரி, உள்ளே இறைச்சி. "இல்ல லைல்."

செப்டம்பர் கடைசியில், பின் பம்பரைத் தடவியபோது விரல் ஒரு குழியில் இறங்கியது. கம்பத்தில் உரசியது, உள்ளங்கை அளவு. லைல் அங்கேயே கொஞ்ச நேரம் குனிந்து நின்றார் என்றாள் ஆர்லீன். அன்று சீட்டு எதுவும் சொருகவில்லை. அதற்குப் பதிலாகப் பிரெண்டாவுக்குக் கடிதம் போனது. ஒப்பந்தத்தில் ஏழாவது விதி: முதல் வருடத்தில் வாடகைக்கு ஆள் ஏற்றக்கூடாது. என் காரை டாக்சி ஆக்கிவிட்டார்கள். திருப்பி வாங்கவும்.

பிரெண்டா பயந்துவிட்டாள். கொடுத்தவர் பத்திரிகைக்கு எழுதினால் அடுத்த கார் யார் கொடுப்பார்கள்? இருவரையும் கூப்பிட்டு 'சின்னதா ஒரு பேச்சு' வைத்தாள். சின்னப் பேச்சின் முடிவில் காரைத் திருப்பி எடுக்கும் படிவம் ஒன்றை முன்கூட்டியே அச்சடித்து வைத்திருந்தாள். அதை நான் பார்த்தேன். பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை.

6

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. லைலும் ஆர்லீனும் முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள். மிக்தாலியா சீருடையோடு வந்தாள், இரண்டாவது வீட்டுக்கும் மூன்றாவது வீட்டுக்கும் நடுவில். உட்காருவதற்கு முன் செய்திமடலை மேஜைமேல் போட்டாள்.

"இதை எழுதினது யாரு?"

நான் என் பேனாவை ஆராய்ந்தேன். பிரெண்டா என்னைப் பார்த்தாள். காட்டிக்கொடுக்க அவளுக்கு வார்த்தையே தேவைப்படவில்லை.

"நான் எங்க அழுதேன்?"

"அது... அப்படி எழுதறது ஒரு வழக்கம்."

"என் பெரிய பையன் ஸ்கூல்ல எவனோ இதை ஒட்டி வெச்சிருக்கான். 'உங்கம்மா ஓசிக் காருக்கு அழுதாங்களாமே'ன்னு கேக்கிறாங்களாம். பதினாறு வயசுப் பையன். ரெண்டு வாரமா அந்தக் கார்ல ஏற மாட்டேங்கிறான். அவனுக்கும் சேத்து எழுதிக் குடுங்க, ஒரு வழக்கம்."

நான் செய்திமடலை எடுத்து, தலைப்பு தெரியாதபடி கவிழ்த்து வைத்தேன்.

லைல் தொண்டையைச் செருமினார். "விஷயத்துக்கு வருவோம். நான் டாக்சிக்காகக் கார் குடுக்கல."

"டாக்சியா? என்கூட வேலை பாக்கிறவங்க சார் அவங்க. பெட்ரோலுக்குக் கொஞ்சம் போடறாங்க. உங்க கார் குடிக்கிற குடிக்கு ஊரே சேர்ந்து போட்டாலும் பத்தாது."

"பம்பர்ல குழி."

"என் தெருவுல அந்தக் காரை நிறுத்திப் பாருங்க, அப்புறம் குழியைப் பத்திப் பேசுங்க." அவள் பையிலிருந்து சீட்டுகளை எடுத்துப் பரப்பினாள். "வாராவாரம் ஒண்ணு. ஜன்னலை ஏத்து. மாலையைக் கழட்டு. நீங்க கார் குடுக்கல சார். கராஜை மாத்தியிருக்கீங்க. அதுக்குக் காவலுக்கு என்னை வெச்சிருக்கீங்க."

பிரெண்டாவின் தலை சாய்ந்தது. கை படிவத்தை நோக்கி நகர்ந்தது. கார் போனால் அன்று மாலையே ஆறு பேர் பஸ் நிறுத்தத்தில் நிற்பார்கள். மிக்தாலியாவுக்கு அது தெரிந்தது. லைல் அவளுடைய காதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அவள் அதைக் கவனித்தாள். நாற்காலியில் சற்று நகர்ந்து உட்கார்ந்து அவரைப் பார்த்தாள். அவர் பார்வை நகரவில்லை. மறுபடி நகர்ந்தாள். பையைத் துழாவி ஒரு காகிதத்தை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"இது ஒண்ணை மட்டும் நீங்களே படிங்க சார். நீங்க எழுதினதுதான். படிச்சுட்டீங்கன்னா சாவியைக் குடுத்துட்டுப் போயிடறேன்."

லைல் வாங்கினார். முகத்தை இடது பக்கம் திருப்பி, பிறகு வலது பக்கம் திருப்பி, காகிதத்தைத் தூரமாகப் பிடித்தார். குரல் மட்டும் வகுப்பறைக் குரலாகவே இருந்தது.

"'திரும்பும்போது சிக்னல் போடவும். லைல் ஃபென்ஸ்டர்மாக்கர்.'"

ஆர்லீன் எட்டி அந்தக் காகிதத்தைப் பார்த்தாள். "லைல்," என்றாள், மாதா கோயிலில் எல்லோரையும் மிஞ்சும் அந்தக் குரல் காற்றாய்ப் போய்விட்டது. "இது பீட்சா கடை நோட்டீஸ்."

நான் மறைத்து வைத்ததைச் சொல்லும் இடம் வந்துவிட்டது. மார்ச் மாதம் கண் டாக்டர் அவரிடம் சொல்லியிருந்தார்: இரண்டு விழித்திரையிலும் நடுப்பகுதி தேய்ந்துவிட்டது, ஓரங்கள்தான் மிச்சம், இனிமேல் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. ஆர்லீனிடம் அவர் சொன்னது, "கொஞ்சம் மங்கல். ஓட்டறதைக் குறைச்சுக்கச் சொன்னாரு." நேராகப் பார்த்தால் ஆள் தெரியாது. பக்கவாட்டில் பார்த்தால் ஏதோ தெரியும். ஊருக்கே ஓட்டக் கற்றுக்கொடுத்தவரிடமிருந்து கார் பிடுங்கப்படும் நாள் வந்துவிட்டது. பிடுங்குவதற்கு முன்னால் கொடுத்துவிட்டால் கொடுத்தவன் என்று பேராவது மிஞ்சும் என்று அவர் கணக்குப் போட்டார். தப்பான கணக்கு என்று எப்படிச் சொல்வது? நான் அவரை வள்ளல் என்று அச்சில் போட்டேனே.

மிக்தாலியா ஜெயித்துவிட்டாள். ஆனால் ஜெயித்தவள் மாதிரி இல்லை. சீட்டுகளை வேகவேகமாக வாரிப் பைக்குள் போட்டாள். ஏதோ அசிங்கத்தைத் துடைப்பது மாதிரி.

"எங்க மிஸஸ் கெம்மரரும் இப்படித்தான் காதைப் பாத்துப் பேசுவாங்க," என்றாள். இது வேறு குரல். அவளுடைய முதியவர்களுக்கான குரலாக இருக்க வேண்டும். "எப்பலேர்ந்து சார்?"

லைல் அந்த நோட்டீஸை நாலாக மடித்தார். "மார்ச்."

"கண்ணாடி மாத்தணும்னு சொன்னே," என்றாள் ஆர்லீன்.

"கண்ணாடியும் மாத்தணும்."

பிறகு அவர் கோட்டுப் பையில் கையை விட்டு எதையோ எடுத்து மேஜையில் வைத்தார். அந்தக் காரின் இன்னொரு சாவி. தோல் வளையம் தேய்ந்து கறுத்திருந்தது.

பிரெண்டாவுக்குப் பொறுக்கவில்லை. "தொலைஞ்சு போச்சுன்னு ஃபார்ம்ல எழுதியிருந்தீங்களே!"

"எழுதினேன்." சாவியை விரலால் மிக்தாலியா இருந்த பக்கம் தள்ளினார். "ஓட்டறதுக்கு இல்லம்மா. சும்மா பையில வெச்சிருந்தேன்."

புகாரைத் திரும்பப் பெறும் கடிதத்தை நான் கையால் எழுதினேன். அந்த வருடம் நான் எழுதியதில் பொய் இல்லாதது அது ஒன்றுதான். ஆர்லீன் லைலின் விரலைப் பிடித்து, கையெழுத்துப் போடும் கோட்டின்மேல் வைத்தாள். கையெழுத்து கோட்டிலிருந்து கிளம்பி மேலே ஏறிப் போயிற்று. கார் மிக்தாலியாவிடமே இருந்தது.

7

முடிவு வேண்டும்.

பிரெண்டாவின் முடிவு: ஞாயிறுதோறும் மிக்தாலியா லைலைக் காரில் வெளியே கூட்டிப்போகிறாள், "அப்பா மாதிரி" என்கிறாள். இதை அடுத்த செய்திமடலுக்கு எழுதித் தரச் சொன்னாள். நான் அந்த வேலையிலிருந்து நின்றுவிட்டேன்.

என்னுடைய முதல் முடிவு: மிக்தாலியா சாவியை அவர் முகத்தில்— இல்லை. அப்படிப்பட்டவள் இல்லை அவள்.

என் மனைவியின் முடிவு: "அந்த மனுஷன் கண்ணுக்கு வைத்தியம் பாக்கட்டும். நீங்க அவரை விட்டுடுங்க."

நான் பார்த்தது இவ்வளவு. அவர்கள் போனபின் மாடி ஜன்னலுக்குப் போய் நின்றேன். அது பெயின்ட் அடித்து ஒட்டிக்கொண்ட ஜன்னல், திறக்காது. கீழே பெரிய காரும் சின்னக் காரும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. லைல் படியிறங்கி, நேராகத் தன் பழைய காரின் ஓட்டுநர் கதவுக்குப் போய், பிடியில் கை வைத்தார். அங்கேயே நின்றுவிட்டார். ஆர்லீன் அதைப் பார்த்தாள். கூப்பிடவில்லை. தன் காரில் ஏறி உட்கார்ந்து எதிரே இருந்த சுவரைப் பார்த்தாள்.

மிக்தாலியா வந்தாள். ஏதோ கேட்டாள். அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். மறுபடி கேட்டாள், கையிலிருந்த போனில் மணியைக் காட்டி. லைல் பிடியை விட்டார். பானெட்டின்மேல் கையை வைத்துத் தேய்த்துக்கொண்டே காரின் முன்பக்கமாகச் சுற்றி மறுபக்கம் போய் ஏறினார்.

கார் பின்னால் வர ஆரம்பித்ததும் அவர் வாயும் அசைய ஆரம்பித்தது. கை வேறு, இடது, வலது என்று. பாதி வழியில் மிக்தாலியா பிரேக்கை மிதித்தாள். அவர் பக்கம் திரும்பி ஒன்று சொன்னாள். ஒரே ஒரு வாக்கியம்தான் இருக்கும்; அவ்வளவு சின்னது. லைல் வாயை மூடினார். கைகளை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு தலையைப் பக்கவாட்டில் திருப்பி, அந்த மிச்சமிருக்கிற ஓரத்தால், அவளைப் பார்த்தார். கார் தெருவில் இறங்கிப் போயிற்று. சின்னக் கார் பின்னாலேயே போயிற்று.

அவள் என்ன சொன்னாள்?

ஆர்லீனைக் கேட்டேன். "நான் என் காருக்குள்ள இருந்தேன்." லைலுக்குப் போன் செய்தேன். "யார் பேசறது?" என்றார், சொன்னேன், வைத்துவிட்டார். ஒரு மாதம் கழித்துக் காய்கறிக் கடையில் மிக்தாலியாவைப் பார்த்தேன், வாழைக்காய்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்குக் கார்ல அவர்கிட்ட என்ன சொன்னீங்க?"

"எழுதவா?"

பொய் சொல்ல நினைத்தேன். "ஆமா."

"அப்ப சொல்ல மாட்டேன்." நான்கு காய்களைப் பையில் போட்டாள். "கொஞ்சம் நகருங்க, வெளியில அஞ்சு பேர் உக்காந்திருக்காங்க."

நகர்ந்தேன்.

அந்த ஒரு வாக்கியத்தை நானே எழுதிவிடலாம் என்று இரண்டு மாதமாக முயல்கிறேன். 'சார், இப்ப நான் ஓட்டறேன்.' எல்லாம் புரிந்தவள் மாதிரி இருக்கிறது, அடித்துவிட்டேன். 'எங்க போகணும்னு மட்டும் சொல்லுங்க.' சினிமா, அடித்துவிட்டேன். 'வாயை மூடு கிழவா.' ஒரு வாரம் இதை வைத்திருந்தேன். எனக்குப் பிடித்திருந்தது, அதனாலேயே அடித்துவிட்டேன்.

எனவே அந்த இடம் காலியாகவே இருக்கிறது. உங்களுக்கு ஏதாவது கேட்டிருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் மட்டும் சொல்ல வேண்டாம். நான் எங்கேயாவது போட்டுவிடுவேன்.